வெளியே வரக் கூடாத 524

லினக்ஸில் ஒரு நிரல் கேட்ட வேலை நடக்கவில்லையென்றால் அதன் மையப் பகுதியான கெர்னல் காரணத்தை வாக்கியமாகச் சொல்லாது. ஓர் எண்ணைத் தரும். எதிர்முனை இணைப்பை மறுத்தால் 111. (அதே மறுப்புக்கு மேக்கில் 61, விண்டோஸில் 10061.) கொடுத்த விவரம் செல்லாது என்றால் 22. 'இந்த வசதி இங்கே இல்லை' என்றால் 95. அதன் பெயர் ஈஆப்நாட்சப்.

ஏறக்குறைய இதே பொருளில் கெர்னலுக்குள் இன்னோர் எண்ணும் உண்டு: 524, ஈநாட்சப். என்எஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வு முறையின் மூன்றாம் பதிப்புக்காக 521 முதல் 528 வரை ஒதுக்கிய எண்களுள் ஒன்று. (528-இன் பெயர் ஈஜூக்பாக்ஸ்: கோப்பு மெதுவான கிடங்கிலிருந்து வர வேண்டும், பிறகு கேள் என்று பொருள். வைத்தவர் ரசனைக்காரர்.) இவை கெர்னலுக்குள்ளேயே புழங்க வேண்டியவை. வெளியே இருக்கும் சி நூலகத்துக்கு இவற்றைத் தெரியாது.

நெட்வொர்க் டிரைவர் எழுதுபவருக்கோ சட்டென்று கைக்கு வருவது குட்டையான பெயர். ஈநாட்சப் என்று போட்டுவிடுவார். கம்பைலரும் வாயைத் திறக்காது. அதற்கு இரண்டும் வெறும் எண்கள். கடைசியில் பயனரின் திரையில் 'அன்னோன் எரர் 524' என்று வந்து நிற்கும். சமையல்காரர்கள் தமக்குள் பேசிக்கொண்ட குறி, பந்தியில் உட்கார்ந்தவர் காதில் விழுந்த கதைதான்.

உள்ளே நடப்பது அதைவிடத் தொல்லை. நெட்வொர்க் கார்டிடம் ஒரு வேலையை ஒப்படைக்கும் கெர்னல் பகுதி, 95 வந்தால் 'கார்டால் முடியாது, போகட்டும்' என்று மேலே நகரும்படி பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. வேறு பிழை எண் எது வந்தாலும் நிஜமான கோளாறு என்று வேலையை நிறுத்திவிடும். டிரைவர் 524-ஐத் தந்தால், கார்டில் ஒரு வசதி இல்லை என்கிற சாதாரணச் சேதி பெருங்கோளாறாகிவிடும்.

திருத்தம் ஒரே சொல்தான்: ஈநாட்சப் இருந்த இடத்தில் ஈஆப்நாட்சப். ஆனால் அழைக்கும் இடத்தில் யாராவது 524-ஐயே எதிர்பார்த்து எழுதியிருந்தால், டிரைவரை மட்டும் ஒழுங்குபடுத்தியதும் அது உடையும். ஆகவே எண் பிறக்கும் இடத்திலிருந்து போய்ச்சேரும் இடம்வரை தேடிப் பார்த்தாக வேண்டும். என்னைக் கேட்டால் திருத்தத்தின் உழைப்பு முழுவதும் இந்தத் தேடலில்தான். பயனர் நிரல்களை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வெகு கண்டிப்பு. கசிந்துபோன 524-ஐ நம்பி எங்கோ ஒரு நிரல் ஓடிக்கொண்டிருந்தால், தவறான எண்ணையே தொடர வேண்டியும் வரலாம்.

புதுக் கசிவுகளுக்குக் காவல் உண்டு. திருத்தங்களை அனுப்புமுன் ஓட்டிப் பார்க்கும் செக்பேட்ச் என்ற பெர்ல் நிரல், ஈநாட்சப்பைக் கண்டால் ஈஆப்நாட்சப்பைப் போடச் சொல்லி எச்சரிக்கும். எச்சரிக்கை மட்டுமே, அதைத் தாண்டியும் அனுப்பலாம்.