ரஷ்யா ஏன் வீட்டோ போடவில்லை?

ஈரான் அணுசக்தி ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் தந்த ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 2231-வது தீர்மானத்துக்கு விதித்த பத்தாண்டுக் கெடு 2025 அக்டோபர் 18 அன்று முடிந்தது. அத்தோடு எல்லாம் முடிந்தது என்கின்றன ஈரானும் ரஷ்யாவும் சீனாவும். கெடுவுக்கு முன்பே ஈரான் மீதான பழைய ஐ.நா. தடைகள் திரும்பிவிட்டன, அன்று எதுவும் முடியவில்லை என்கின்றன அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்ஸும். இரண்டு தரப்பையும் செய்தியாகப் போட்டுவந்ததால் வாசகர்கள் குழம்பியதில் வியப்பில்லை. வந்த கடிதங்களில் பாதி ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: நண்பனுக்காக ரஷ்யா ஏன் வீட்டோ போடவில்லை? பயந்துவிட்டதா, உள்ளே ஏதாவது பேரமா?

இரண்டும் இல்லை. வீட்டோ போடுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. அப்படித்தான் அந்தத் தீர்மானத்தை எழுதி வைத்திருக்கிறார்கள்.

2015 ஜூலையில் வியன்னாவில் ஒப்பந்தம் முடிவானபோது வாஷிங்டனுக்கு இருந்த பெரிய கவலை இது: தடைகளை இன்று நீக்கிவிடலாம், நாளை ஈரான் வாக்குத் தவறினால் திரும்பக் கொண்டுவர ரஷ்யாவும் சீனாவும் விடுமா? விடாது. ஆகவே கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். “தடை விதிக்கலாமா?” என்று கவுன்சில் கேட்காது. “தடை நீக்கம் தொடரலாமா?” என்றுதான் கேட்கும். தொடரலாம் என்று ஒரு புதிய தீர்மானம் 30 நாளுக்குள் நிறைவேறாவிட்டால், பழைய தடைகள் தாமாகவே உயிர்பெறும். தானே பூட்டிக்கொள்ளும் கதவைப் போல: மூட யாரும் வேண்டாம், திறந்து வைக்கத்தான் ஆள் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடிக்க வருபவரை நிரந்தர உறுப்பினர்களில் எவர் ஒருவரும் வீட்டோவால் தள்ளிவிடலாம். ஸ்நாப்பேக் என்று பேசப்படுவது இதுதான்.

சரி, ஈரான் வாக்குத் தவறியதா என்று தீர்மானிப்பது யார்? நீதிபதி என்று எவரும் கிடையாது. கணிசமான மீறல் நடந்திருப்பதாகக் கருதுகிறேன் என்று ஒப்பந்தத்தில் பங்குள்ள ஒரு நாடு கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினால் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். கருதினால் போதும், நிரூபிக்க வேண்டியதில்லை. ஈரான் தவறவில்லை என்று சொல்ல வரவில்லை. 3.67 சதவீதத்தைத் தாண்டக் கூடாத யுரேனியச் செறிவு 60 சதவீதத்தைத் தொட்டு, அந்தச் சரக்கு மட்டும் 2025 ஜூன் மாதத்தில் 440 கிலோவைத் தாண்டியிருந்தது. ஆனால் வரம்புகளை ஈரான் ஒவ்வொன்றாக மீறத் தொடங்கியது 2019-ல். 2018 மே மாதத்தில் டிரம்ப் ஒப்பந்தத்தை விட்டு வெளியேறி ஓராண்டு கழித்து. முதலில் வெளியேறியவர் மீது இந்த ஏற்பாட்டில் புகார் கொடுக்க முடியும்; ஆனால் அதனால் தண்டனை ஈரானுக்குத்தான் விழும். இந்தப் பொறி ஒரு பக்கம் மட்டுமே கடிக்கும்.

வெளியேறிய அமெரிக்காவே 2020 ஆகஸ்டில், தீர்மானத்தில் இன்னும் எங்கள் பெயர் இருக்கிறது என்று சொல்லி இதே பொறியை இழுக்கப் பார்த்தது. கவுன்சிலின் 15 உறுப்பினர்களில் 13 பேர் அதை ஏற்கவில்லை. அந்த 13 பேரில் பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனியும் உண்டு. ஐந்தாண்டு கழித்து, 2025 ஆகஸ்ட் 28 அன்று, இந்த மூன்று நாடுகளே கடிதம் கொடுத்தன. தேதியைக் கவனியுங்கள். அக்டோபரில் கவுன்சிலின் தலைமை ரஷ்யாவுக்கு. அதற்குள் 30 நாளும் கழிந்துவிட வேண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

பிறகு வந்தது செப்டம்பர் 19. தடை நீக்கம் தொடரட்டும் என்ற வரைவை யாராவது கொண்டுவந்தாக வேண்டும் அல்லவா? உறுப்பினர்கள் யாரும் முன்வராவிட்டால் தலைவரே கொண்டுவர வேண்டும் என்பது விதி. அந்த மாதத் தலைமை தென்கொரியாவுடையது. அது வரைவை வைத்தது. ஆதரவாக எழுந்த கைகள் நான்கு: ரஷ்யா, சீனா, பாகிஸ்தான், அல்ஜீரியா. எதிர்ப்பு ஒன்பது. கயானாவும் தென்கொரியாவும் வாக்களிக்கவில்லை. ஆமாம், வரைவை வைத்த நாடே அதை ஆதரிக்கவில்லை! தோற்பதற்காகவே எழுதப்பட்ட தீர்மானம் அது. நிறைவேறத் தேவையான ஒன்பது வாக்கு கிடைத்திருந்தாலும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸில் ஒன்று வீட்டோ போட்டிருக்கும். ஆறு மாத அவகாசம் கேட்டு ரஷ்யாவும் சீனாவும் செப்டம்பர் 26 அன்று கொண்டுவந்த வரைவும் அதே 4–9–2 கணக்கில் விழுந்தது. செப்டம்பர் 28, ஞாயிறு, இந்திய நேரப்படி காலை 5.30 மணிக்கு 2006 முதல் 2010 வரை போட்ட ஆறு தீர்மானங்களும் திரும்பி வந்தன. புதிதாக ஒரு வாக்குகூடத் தேவைப்படவில்லை.

ஸ்நாப்பேக் ஏற்பாடு அப்போதைய ஈரான் வெளியுறவு அமைச்சர் ஸரீஃபும் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கெர்ரியும் நேரடியாகப் பேசி முடித்தது, எங்களுக்கே வியப்பாக இருந்தது என்று 2025-ல் சொன்னார் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ். 2231 நிறைவேறியது 15–0 என்ற கணக்கில். ரஷ்யாவின் கையும் அதில் உயர்ந்திருந்தது.

ஸ்நாப்பேக் என்ற இந்தச் சாமர்த்தியத்தில் ஓர் ஓட்டை உண்டு. தடைகள் தாமாகத் திரும்பலாம்; தடைக் குழுவும் நிபுணர் குழுவும் தாமாக நாற்காலியில் வந்து உட்காராது. தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், நிபுணர்களை நியமிக்க வேண்டும். அதற்கெல்லாம் ரஷ்யாவும் சீனாவும் ஒத்துழைத்தாக வேண்டும். இந்தத் தடைகளே செல்லாது என்பவர்கள் எதற்கு ஒத்துழைப்பார்கள்? வாசல் வழியே நுழைய முடியாத வீட்டோ அலுவலகக் கோப்புகளின் வழியே நுழைந்துவிட்டது. தடைகள் திரும்பியதால் ராஜதந்திரம் முடிந்துவிடவில்லை என்று ஐரோப்பியர்கள் அறிக்கை விட்டார்கள்; தடை போட்டவர்கள் வழக்கமாகச் சொல்வதுதான்.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

பெட்ரோல் விலை ஏறுமா? ஐ.நா. தடைகள் ஈரானின் கச்சா எண்ணெய் விற்பனையைத் தடை செய்யவில்லை; இந்தியா 2019-லேயே அமெரிக்கத் தடைக்குப் பயந்து வாங்குவதை நிறுத்திவிட்டது.

இந்தியா முதலீடு செய்த ஈரானின் சாபஹார் துறைமுகம்? அதற்கான தடை விலக்கை ரத்து செய்தது அமெரிக்கா, தன் சொந்தச் சட்டத்தின்படி, 2025 செப்டம்பர் 29 முதல். ஸ்நாப்பேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அந்த 440 கிலோ எங்கே? 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் நடத்திய தாக்குதல்களுக்குப் பிறகு, அக்டோபர் வரை, சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் அதை நேரில் பார்த்துச் சரிபார்க்கவில்லை.

அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்திலிருந்து ஈரான் விலகுமா? 2025 அக்டோபரில் ஈரான் நாடாளுமன்றத்தில் அந்தப் பேச்சு இருந்தது. விலக மூன்று மாத முன்னறிவிப்பு தர வேண்டும், அதுவரை தரவில்லை.

இதே மாதிரி ஒரு ஷரத்தை இன்னொரு தீர்மானத்தில் எதிர்பார்க்கலாமா? ரஷ்யாவும் சீனாவும் இனி அதற்குக் கை தூக்கப்போவதில்லை.