பாட்டுக்குப் பாட்டே பதில்

போர்த்துகல் நாட்டின் வட கோடியில் மீன்யோ என்றொரு வட்டாரம் உண்டு. சிறு சிறு நிலங்களில் மக்காச்சோளமும் திராட்சையும் பயிரிட்டு வாழ்ந்த உழவர்களின் பூமி அது. செப்டம்பர் மாதத்தில் அங்குள்ள போந்தே டி லீமா நகரில் திருவிழாக் கூடும்போது, தெரு மூலையில் மக்கள் வட்டமாகச் சூழ்ந்து நிற்பதைக் காணலாம். நடுவே இருவர் நிற்பர். 'கொன்செர்த்தினா' என்னும் துருத்தி இசைக்கருவி ஒலிக்கும். அவ்விருவரும் சண்டையிடுகின்றனர், ஆனால், கையால் அன்று, பாட்டால்!

இதற்குத் 'தெஸ்கர்ராடா' என்று பெயர். அறைகூவல் பாட்டு என்றும் அந்நாட்டார் கூறுவர். நாம் எசப்பாட்டு என்று சொல்வதை நினைவில் கொண்டால் இது எளிதில் விளங்கும்.

மெட்டு ஒன்றே; அது மாறாமல் திரும்பத் திரும்ப வரும். சொற்களோ முன்னரே எழுதி வைத்தவை அல்ல. நின்ற இடத்திலேயே பிறப்பவை. பெரும்பாலும் நான்கு அடிகளில் பாட்டு முடியும். இரண்டாம் அடியும் நான்காம் அடியும் ஒரே ஓசையில் முடிதல் வேண்டும். ஒருவர் பாடி முடித்ததும், அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு மற்றவர் விடையிறுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, "உன் ஊர்த் திராட்சை புளிக்கும்" என்று ஒருவர் பாடுவதாகக் கொள்வோம். "புளிக்கும் பழத்துக்கா எங்கள் வேலியைத் தாண்டினாய்?" என்று மற்றவர் மடக்கினால், கூட்டம் ஆரவாரிக்கும்.

ஊர், தொழில், உடை, சோம்பல், கஞ்சத்தனம் ஆகிய யாவும் கேலிக்கு உள்ளாகும். ஆயினும், சினங்கொண்டு சொல்லிழந்து நிற்பவரே தோற்றவராவார். எதிராளி சொல்வதைக் கூர்ந்து கேளாதவரால் பதில் பாடவும் இயலாது. ஆகவே, நாவன்மைக்கு மட்டுமன்றிப் பொறுமைக்கும் இது ஒரு பயிற்சியாகும். பெண்களும் இதில் பின்வாங்குவதில்லை. அட்லாண்டிக் கடலிலுள்ள அசோர்ஸ் தீவுகளில் 'துர்லு' என்று அழைக்கப்பட்ட பெண்மணி, இருபதாம் நூற்றாண்டில் ஆடவரோடு சரிக்குச் சரி பாடிப் புகழ் பெற்றார்.

இப்பாடகர்களுள் பலர் பள்ளியில் அதிகம் பயிலாத உழைப்பாளிகள். நாட்டின் தென்பகுதியில் வாழ்ந்த அந்தோனியோ அலெய்ஷோ என்பவரை இங்குக் குறிப்பிடுதல் தகும். 1899-இல் பிறந்த இவர் ஆடு மேய்த்தார், நெசவு செய்தார், லாட்டரிச் சீட்டு விற்றார். நினைத்த மாத்திரத்தில் நான்கடிப் பாடல் புனையும் ஆற்றல் இவருக்கு இருந்தது. ஆனால், காற்றில் பாடிய பாட்டு காற்றோடு போய்விடும் அல்லவா? இவருடைய பாடல்களைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் எழுதி வைத்துத் தொகுக்க முன்வந்தார். அதனால் 1943-இல் முதல் நூல் வெளிவந்தது. 1949-இல் காசநோயால் அலெய்ஷோ மறைந்தார். இன்று லூலே நகரில் அவருக்குச் சிலை உண்டு. அந்த ஆசிரியரைப் போல் எழுதி வைக்க ஆளின்றி மறைந்துபோன பாடகர்கள் எத்தனை பேரோ!

போர்த்துகீசியர் 1511-இல் மலாக்காவைக் கைப்பற்றினர் என்பதை நாம் அறிவோம். அவர்கள் வழிவந்தோர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் 'மாத்தா காந்திகா' என்னும் போட்டிப் பாட்டு அவர்களிடையே வழங்கி வந்தது. அதே மலாக்காவில் பந்துனை மாற்றி மாற்றிப் பாடும் 'டொண்டாங் சாயாங்' கலையை மலாய்க்காரர், பாபா நியோன்யா, போர்த்துகீசியர் ஆகியோருடன், தமிழ் வணிகர் வழிவந்த மலாக்காச் செட்டிகளும் பேணி வருகின்றனர். இக்கலையை யுனெஸ்கோ 2018-இல் மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது.

ஏட்டில் ஏறாத பாட்டு, பாடுபவரோடு மறைந்துவிடுகிறது. நம் இல்லத்து முதியோர் பாடிய பாடல்கள் நம்முள் எத்தனை பேருக்கு முழுமையாக நினைவிலுள்ளன? ஓய்வு நாளில் அவர்கள் அருகில் அமர்ந்து பாடச் சொல்லிக் கேட்போம். கேட்டதைப் பிள்ளைகளின் குறிப்பேட்டில் எழுதி வைப்போம். அலெய்ஷோவுக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார். நம் முதியோருக்கு நாம் இருக்கிறோம்.