புள்ளியில் தொடங்கிய ஐஸ் ஹாக்கி



பாலாற்றில் தண்ணி வந்தாலே பாலத்து மேல கூட்டமா நின்னு வேடிக்கை பார்க்கிற ஊர் நம்ம ஊர். இங்கே இருந்துகொண்டு ஐஸ் ஹாக்கி பற்றி எழுத இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது. மே மாத லீவில் எங்க மாமா வீட்டுப் பரணில் ஒரு பழைய டிவி கேம் கிடைத்தது. கேசட்டைப் போட்டதும் ஐஸ் ஹாக்கி வந்தது. நான் ஜாய்ஸ்டிக்கை எடுத்தேன். உடனே மாமா பையன், "இது பசங்க விளையாட்டு, உனக்கு எதுக்கு?" என்று பிடுங்கிக்கொண்டான். அது உண்மைதானா என்று பார்க்கத்தான் இந்த விளையாட்டின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

ஐஸ் ஹாக்கி என்றால் என்ன?

நம்ம ஹாக்கியில் ஓர் அணிக்கு 11 பேர். ஐஸ் ஹாக்கியில் கோல் கீப்பரோடு சேர்த்து 6 பேர்தான். காலில் சக்கரம் இல்லாத, கத்தி மாதிரி இரும்பு வைத்த ஷூ போட்டுக்கொண்டு பனித்தரையில் வழுக்கிக்கொண்டே ஆட வேண்டும். பந்து கிடையாது. ‘பக்’ என்ற கறுப்பு ரப்பர் வட்டு. மொத்தம் 60 நிமிடம், 20 நிமிடமாக மூன்று பகுதி.

முதல் வீடியோ கேமில் என்ன இருந்தது?

வீட்டு டிவியில் ஆடும் முதல் வீடியோ கேம் கருவி 1972இல் அமெரிக்காவில் வந்த ‘ஒடிசி’. இதற்கு வழிவகுத்தவர் ரால்ஃப் பேயர் என்ற இன்ஜினியர். ஆச்சரியம் என்னவென்றால், அந்த முதல் கருவியிலேயே ஹாக்கியும் ஒரு விளையாட்டு! ஆனால் அந்தக் கருவிக்கு வெள்ளைப் புள்ளிகளும் ஒரு கோடும் தவிர வேறு எதுவும் வரையத் தெரியாது. சத்தமும் வராது. அதனால் மைதானம் அச்சடித்த கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளை டிவி மேல் ஒட்டிக்கொள்வார்கள். இரண்டு புள்ளிகள் ஆட்டக்காரர்கள், ஒரு புள்ளி பக். யார் எத்தனை கோல் என்று ஆடுபவர்களே கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

புள்ளி எப்போது மனிதன் ஆனது?

1981இல் அட்டாரி கருவிக்கு ஆக்டிவிஷன் நிறுவனம் ஒரு ஐஸ் ஹாக்கி கேம் போட்டது. அதில் அணிக்கு இரண்டு பேர், கையில் மட்டையோடு. 1988இல் ஜப்பானின் நின்டென்டோ போட்டதுதான் எங்க மாமா வீட்டுக் கேசட்டில் இருந்த கேம். அதில் ஒல்லி, நடுத்தரம், குண்டு என்று மூன்று வகை ஆட்டக்காரர்கள். ஒல்லி வேகமாக ஓடுவான், ஆனால் மோதினால் விழுந்துவிடுவான். குண்டு மெதுவாகத்தான் வருவான், ஆனால் அடித்தால் பக் பறக்கும். எல்லாரையும் ஒல்லியாகவே எடுத்தால் தோற்றுவிடுவோம், கலந்து எடுக்கணும். இது எனக்கு ரொம்பப் பிடித்தது.

1991 முதல் ஈ.ஏ. நிறுவனம் அமெரிக்கா, கனடா நாடுகளின் ‘நேஷனல் ஹாக்கி லீக்’ பெயரில் கேம் போட ஆரம்பித்தது. உண்மையான அணிகள் உள்ளே வந்தன. வருடா வருடம் படம் தெளிவானது. முகம்கூட அடையாளம் தெரிந்தது. ஆனால் அந்த முகங்கள் எல்லாம் ஆண்கள்தான்.

ஒரு கடிதம் செய்த வேலை

2011இல் அமெரிக்காவில் ஒரு மாணவிக்கு என் வயசு, 14. பெண்கள் அணியில் ஐஸ் ஹாக்கி ஆடுபவள். கேமில் நாமே ஆட்டக்காரரை உருவாக்கலாம், ஆனால் பெண்ணை உருவாக்க முடியாது. "ஏன் பெண்கள் இல்லை?" என்று கேட்டு அவள் அந்த நிறுவனத்துக்கே கடிதம் எழுதினாள். முதலில் முடியாது என்றுதான் பதில் வந்தது. பிறகு கேமைத் தயாரித்தவர் லீக்கிடம் அனுமதி வாங்கினார். அந்த வருடம் வந்த கேமில் பெண் ஆட்டக்காரர் வந்துவிட்டார். அந்த முகம் யாருடையது தெரியுமா? கடிதம் எழுதிய அந்த மாணவியின் முகம்தான்!

அதோடு நிற்கவில்லை. 2012இல் கனடாவின் ஹேலி விக்கன்ஹைசர், அமெரிக்காவின் ஆஞ்சலா ருஜியேரோ என்ற நிஜ வீராங்கனைகள் கேமில் சேர்ந்தார்கள். 2022இல் கனடாவின் சாரா நர்ஸ் படம் கேமின் அட்டையில் வந்தது. 2024இல் பெண்கள் லீக்கின் அணிகளே உள்ளே வந்துவிட்டன.

நம் நாட்டில்?

லடாக்கில் குளிர்காலத்தில் குளம் குட்டை எல்லாம் உறைந்துவிடும். அதுவே மைதானம். இந்தியப் பெண்கள் அணி 2016இல் முதல் சர்வதேசப் போட்டி ஆடியது. அணியில் பெரும்பாலும் லடாக் பெண்கள். 2025இல் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள். எந்த கேமிலும் அவர்கள் முகம் இல்லை. ஆனால் பதக்கம் நிஜம்.

இதையெல்லாம் மாமா பையனிடம் சொன்னேன். பதில் பேசாமல் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்தான். 4-2 என்று நான் தோற்றேன். பரவாயில்லை, ஆடித்தானே தோற்றேன்.

கடைசியாக ஒன்று. பி.டி. பீரியடில் மட்டையும் பந்தும் நேரே பசங்க கைக்குப் போய்விடுகிறது. நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறோம். பி.டி. சார், வாரத்தில் ஒரு நாளாவது அதை எங்களிடம் கொடுங்கள். முடியாது என்று சொன்னால் திரும்பவும் எழுதுவேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, சத்துவாச்சாரி