உங்களுக்குத் தெரியுமா? கொரோனா காலத்தில் பக்கவாதம் எங்கே போனது?

● 2020 மார்ச் கடைசியில் அமெரிக்க மருத்துவமனைகளுக்குப் பக்கவாதம் என்று வருபவர்கள் திடீரெனக் குறைந்தார்கள். மூளை ஸ்கேன்களை அலசித் தரும் ஒரு மென்பொருளை அங்கே 850-க்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் பயன்படுத்தி வந்தன. அதன் கணக்குப்படி, பிப்ரவரியில் ஒரு மருத்துவமனையில் நாளொன்றுக்குச் சராசரியாக 1.18 பேருக்கு இந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது. மார்ச் 26 முதல் ஏப்ரல் 8 வரையிலான இரண்டு வாரத்தில் அது 0.72 ஆனது. 39 சதவீதச் சரிவு! ஊரடங்கு என்று சொன்னதும் நோயும் வீட்டோடு இருந்துவிட்டதா என்ன?

● இருக்கவில்லை. நியூயார்க்கின் இரண்டு மருத்துவமனைகளில், கொரோனாவோடு வந்த 1,916 பேரில் 31 பேருக்குப் பக்கவாதம் வந்திருந்தது. அதே மருத்துவமனைகளுக்கு முந்தைய ஆண்டுகளில் ஃப்ளூ காய்ச்சலோடு வந்த 1,486 பேரில் வெறும் 3 பேருக்குத்தான். கொரோனா ரத்தத்தை உறையவைக்கும் நோயும்கூட.

● மூளையின் பெரிய ரத்தக்குழாய் ஒன்று அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகும். அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தொடை வழியாகக் குழாய் செலுத்திக் கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சைக்கு, ஸ்கேன் சாதகமாக இருந்தால், 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு.

● அந்த நேரம்தான் பயத்தில் பறிபோனது. நியூயார்க்கில் 33 வயதுப் பெண் ஒருவர். அதுவரை ஆரோக்கியமாக இருந்தவர். ஒரு வாரமாக இருமல், தலைவலி, குளிர். பிறகு பேச்சு குழறியது. இடது கையும் காலும் மரத்து வலுவிழந்தன. 28 மணி நேரத்தில் அது கூடிக்கொண்டே போனது. ஆனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனால் கொரோனா ஒட்டிக்கொள்ளும் என்ற பயத்தில் தள்ளிப்போட்டார். பரிசோதித்தபோது அவருக்குக் கொரோனா ஏற்கெனவே இருந்தது. அங்குள்ள மவுன்ட் சினாய் மருத்துவர்கள் இவரையும் சேர்த்து, 50 வயதுக்கு உட்பட்ட ஐந்து பேரை இரண்டே வாரத்தில் பெரிய ரத்தக்குழாய் அடைப்போடு பார்த்தார்கள். வழக்கமாக இரண்டு வாரத்துக்கு ஒருவர்கூடத் தேறாது.

● ஹாங்காங்கின் குயின் மேரி மருத்துவமனையிலும் இதே கதை. முந்தைய ஆண்டு, அறிகுறி தொடங்கி 95 நிமிடத்தில் வாசலுக்கு வந்தவர்கள், 2020-இல் 154 நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். இது இடைநிலைக் கணக்கு. சிறிது நேரம் வந்து தானாகச் சரியாகிவிடும் 'மினி ஸ்ட்ரோக்' நோயாளிகளோ வெகுவாகக் குறைந்துபோனார்கள். பெரிய பக்கவாதத்துக்கு முன்னறிவிப்பு அது. அந்த எச்சரிக்கை யார் காதிலும் விழவில்லை.

● பக்கவாதத்தின் முக்கிய அடையாளங்களில் ஒன்று வாய் ஒரு பக்கம் கோணுவது. முகக்கவசம் சரியாக அந்த இடத்தைத்தான் மறைத்தது!

● மருத்துவமனைக்குள் வந்த பிறகும் சிக்கல். உறவினரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நோயாளிக்கோ பேச்சு வரவில்லை. 'கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?' என்பதற்குப் பதில் கிடைக்காமல் ஊசி போடுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது. அந்தப் பதில் தெரிந்தவரோ கேட்டுக்கு வெளியே செல்போனோடு நின்றுகொண்டிருப்பார். தனியாக ஒதுங்கியிருந்த முதியவர்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை.

● கனடாவின் டொரன்டோ மருத்துவர்கள் 'பாதுகாக்கப்பட்ட பக்கவாத அழைப்பு' என்ற முறையை வகுத்தார்கள். சந்தேகம் தீரும்வரை நோயாளிக்குக் கொரோனா இருப்பதாகவே வைத்துக்கொள்வது, நோயாளிக்கும் மாஸ்க், குறைந்த ஆட்கள். கவச உடை ஒழுங்காக மாட்டப்பட்டிருக்கிறதா என்று கவனிக்கவே ஒருவர். அவசரமும் நிதானமும் ஒரே அறையில் இருந்தாக வேண்டிய கட்டாயம். கொரோனா இருக்கிறதா என்று பார்க்கப் பல இடங்களில் தலை ஸ்கேனோடு சேர்த்து நெஞ்சு ஸ்கேனும் எடுத்தார்கள்.

● 70 நாடுகளின் 457 மருத்துவமனைகளைச் சேர்த்துப் பார்த்த ஆய்வில், பெருந்தொற்றின் முதல் நான்கு மாதங்களில் பக்கவாத அனுமதி 11.5 சதவீதமும், கட்டி கரைக்கும் ஊசி 13.2 சதவீதமும் குறைந்திருந்தன. பக்கவாத வார்டுகள் கொரோனா வார்டுகளானதும் பிசியோதெரபி பாதியில் நின்றதும் இந்த எண்களில் அடங்கா. என்னைக் கேட்டால், இந்த நஷ்டத்தில் வைரஸுக்குச் சமமான பங்கு பயத்துக்கும் உண்டு.

● அடுத்த தொற்று எப்போது வந்தாலும் சரி, வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சு குழறினால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.