ஜெலட்டின் பூச்சின் கனம்



சாதாரணப் புகைப்படத்தில் ஒரு பொருளின் முன்பக்கம் மட்டுமே தெரியும். ஹாலோகிராம் என்னும் முப்பரிமாணப் படத்திலோ, தலையைச் சற்றுச் சாய்த்தால் அதன் பக்கவாட்டும் தெரியும். 1947ஆம் ஆண்டில் இம்முறையைக் கண்டறிந்த டென்னிஸ் காபர், அதற்காக 1971இல் நோபல் பரிசு பெற்றார். சாதாரண விளக்கொளியிலேயே பார்க்கக்கூடிய வகையை 1962இல் ருஷ்ய விஞ்ஞானி யூரி டெனிசியுக் வெளியிட்டார்.

இப்படத்தைக் கண்ணாடித் தகட்டின்மேல் பூசிய ஜெலட்டின் படலத்திலும் பதிக்கலாம். அப்படலத்தின் கனத்தைச் சீராக அமைப்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

கனம் ஏன் முக்கியம்? லேசர் ஒளி படலத்துக்குள் புத்தகத் தாள்களைப் போல நுண்ணிய அடுக்குகளை உண்டாக்குகிறது. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். 7 மைக்ரான் படலத்தில் பச்சை ஒளி ஏறத்தாழ 40 அடுக்குகளைப் பதிக்கும். படலம் மெலிந்தால் அடுக்குகள் குறைந்து படம் மங்கும். மிகவும் தடித்தால் மருந்தும் ஒளியும் அடிவரை சீராகச் சேரா. மேடு பள்ளமாக இருந்தால் இடத்துக்கு இடம் நிறம் மாறும்.

பால் வெட்டும் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வாளி நிறையப் பால் இருந்தாலும், மழைநீர் கலந்திருந்தால் காய்ந்த ரப்பர் குறைவுதானே? அதனால்தான் பாலின் எடையோடு, அதில் எவ்வளவு ரப்பர் உண்டு என்பதையும் மெட்ரோலாக் கருவியால் பார்த்தார்கள். ஜெலட்டினிலும் நீர் ஆவியாகிவிடும். கரைந்த பொருளே கண்ணாடியில் தங்கும்.

கணக்கைப் பாருங்கள். 10 கிராம் ஜெலட்டினைக் கொண்டு 100 மில்லிலிட்டர் கரைசல் செய்தால், ஒரு மில்லிலிட்டரில் 0.1 கிராம் இருக்கும். அதைப் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பரப்பில் பரப்பினால் ஈரப்படலம் 0.1 மில்லிமீட்டர். காய்ந்தபின் 7 முதல் 8 மைக்ரான் நிற்கும். ஜெலட்டினைப் பாதியாக்கினால் கனமும் ஏறத்தாழப் பாதியாகும்.

முதலில் ஜெலட்டினைக் குளிர்ந்த நீரில் அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு பாத்திரத்தைச் சுடுநீரில் வைத்து, 50 பாகை செல்சியஸ் சூட்டில் கரைத்து, துணியில் வடிகட்டுங்கள். கொதிக்கவைத்தால் உறையும் சக்தி குறையும். சுத்தமான கண்ணாடியை இலேசாகச் சூடாக்கி, இரு ஓரங்களிலும் ஒட்டுநாடாவை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். ஒரு முனையில் கரைசலை ஊற்றி, நேரான கண்ணாடிக் குச்சியை நாடாக்களின்மேல் வைத்து, உருட்டாமல் ஒரே இழுப்பாக இழுங்கள். படலம் நாடாவைவிட மெலிதாகவே அமையும். ஆகவே பத்துத் தகடுகளைப் பூசுமுன்னும் காய்ந்தபின்னும் ஒன்றாக நிறுத்துப் பாருங்கள். எடை ஒரு கிராம் கூடியிருந்தால் கனம் சரி.

நம் நாட்டு வெப்பம் ஒரு தடை. அகார் அகார் சமையலறை மேசையிலேயே உறைந்துவிடும், ஜெலட்டின் அப்படியன்று. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் நண்பகல் வெப்பத்தில் அது உறையாமல், தாழ்ந்த பக்கம் ஓடி அங்கே தடித்துவிடும். ஆதலால் இரவில் பூசுங்கள். ரசமட்டம் வைத்துச் சமன்பார்த்த தட்டில் தகட்டை வைத்து, தட்டின் அடியில் பனிக்கட்டி நீர் வையுங்கள். உறைந்தபின் தூசி படாத பெட்டியில் உலர்த்துங்கள்.

பெற்றோர்களே, இதுவரை சொன்னதை வீட்டில் செய்யலாம். தகட்டுக்கு ஒளியுணர்வு தரும் டைக்குரோமேட் உப்பை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அது நஞ்சு, தோலைப் புண்ணாக்கும், புற்றுநோயும் உண்டாக்கக்கூடியது. சாக்கடையிலும் கொட்டக்கூடாது. காய்ந்த தகட்டைப் பிறகு அந்த மருந்தில் நனைக்கலாம் என்பதால் அவசரமில்லை. அவ்வேலையும் லேசர் வேலையும் பள்ளி ஆய்வுக்கூடத்தில், பயிற்சி பெற்ற ஆசிரியரின் கையுறை அணிந்த கைகளுக்கே உரியவை.

அளந்து பூசுகிற பிள்ளை கைக்குணத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.