பார்க்காத புலியையும் எண்ணலாம்

புலியின் காலடித் தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து, அதன் வடிவத்தைப் பேனாவால் வரைந்து, பிறகு தாளில் நகலெடுப்பார்கள். இந்தியக் காடுகளில் புலிகளைப் பல ஆண்டுகள் எண்ணியது இப்படித்தான். 1966இல் ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்த முறை அது. ஒரு புலியின் தடம் இன்னொன்றைப் போல இராது, பழகிய கண் அதைக் கண்டுகொள்ளும் என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் 2001–02இல் நாட்டில் 3,642 புலிகள் இருப்பதாகக் கணக்கு வந்தது. ஆனால் 2005இல் ராஜஸ்தானின் சரிஸ்கா காப்பகத்தில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்ற உண்மை வெளிப்பட்டது.

அந்த முறையை நம்ப முடியாது என்று அதற்கு வெகுநாள் முன்பிருந்தே சொல்லிவந்தவர் உல்லாஸ் காரந்த். கன்னட எழுத்தாளர் சிவராம காரந்தின் மகன். மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்து, சிலகாலம் விவசாயமும் பார்த்தவர். முப்பது வயதுக்கு மேல் மறுபடி மாணவராகி, 1988இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் வனஉயிரியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். இயந்திரம் படித்தவருக்கு ஓர் அளவுகோலைப் பார்த்ததுமே அதன் பிழை எவ்வளவு என்று கேட்கத் தோன்றும். கூண்டில் வளர்ந்த நான்கே புலிகளின் தடங்களைப் பிரதியெடுத்து, எத்தனை புலிகள் என்று அனுபவசாலிகளிடம் கேட்டார். நான்கு என்ற விடை கிடைக்கவில்லை. மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் வேறு மாதிரியும் பதிகிற பாதத்தை வைத்து ஆளை அடையாளம் காண்பது அவ்வளவு கடினம்.

ஆனால் புலியின் உடம்பிலேயே பிழையில்லாத அடையாளம் ஒன்று உண்டு. எந்த இரண்டு புலிகளுக்கும் வரிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒரே புலியின் இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும்கூட வெவ்வேறு. அதனால் 1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளெக் காட்டில் காரந்த் பாதையின் இருபுறமும் ஒவ்வொரு தானியங்கிக் கேமரா வைத்தார். புலி நடுவே கடந்தால் இரு பக்கமும் படமாகிவிடும். கேமராவை எங்கே வைப்பது என்பதற்குத் தடம்தான் வழிகாட்டியது. தடம் பார்க்கத் தெரிந்தவர்களின் அறிவு எண்ணிக்கைக்கு உதவாமல் போயிருக்கலாம். புலி எந்தப் பாதையில் நடக்கும் என்று சொல்ல அதைவிடச் சிறந்த அறிவு இல்லை.

படத்தில் விழுந்த புலிகளை எண்ணிவிடலாம், சரி. விழாமல் ஒதுங்கிப் போனவற்றை எப்படி எண்ணுவது? இங்கேதான் எனக்கு வியப்பு அடங்கவே இல்லை. முதல் சுற்றில் பத்துப் புலிகள் படமாயின என்று வைத்துக்கொள்வோம். சில நாள் கழித்து இரண்டாவது சுற்றிலும் பத்து. அவற்றில் ஐந்து, முன்பே பார்த்தவை. அதாவது இரண்டாவது முறை சிக்கியதில் பாதிதான் நமக்குத் தெரிந்த புலிகள். அப்படியென்றால் காட்டில் இருப்பவற்றிலும் ஏறத்தாழப் பாதியைத்தான் முதல் சுற்றில் பார்த்திருக்கிறோம். மொத்தம் இருபது இருக்கலாம். பத்தும் பழைய முகங்களாக இருந்தால், ஏறக்குறைய எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பழையது என்றால், நாம் பார்க்காத புலிகள் ஏராளம். திரும்ப வந்த புலி, வராத புலிகளைப் பற்றிச் சாட்சி சொல்கிறது!

டென்மார்க்கின் பீட்டர்சன் 1890களில் மீன்களுக்கு அடையாளமிட்டுக் கடலில் விட்டு ஆராய்ந்ததிலிருந்து வளர்ந்த கணக்கு இது. புலிக்கு நாம் எந்த அடையாளமும் இட வேண்டியதில்லை, பிறக்கும்போதே கொண்டுவந்துவிடுகிறது. ஆனாலும் உண்மையான காட்டில் கணக்கு இவ்வளவு எளிதாக ஓடாது. எண்ணி முடிப்பதற்குள் புலிகள் செத்தோ இடம் மாறியோ போகக் கூடாது என்பதால் வேலையைச் சில வாரங்களுக்குள் முடிக்க வேண்டும். ஒரு புலி எந்தக் கேமராவிலும் படாமலே விட்டுப்போகும் அளவுக்குக் கேமராக்களுக்கு நடுவே இடைவெளி இருக்கக் கூடாது. எல்லாப் புலியும் ஒரே அளவு எளிதில் சிக்குவதுமில்லை. இந்தச் சிக்கல்களை அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் ஜேம்ஸ் நிக்கோல்ஸுடன் சேர்ந்து காரந்த் அவிழ்த்தார். விடை ஒற்றை எண்ணாக வராது. இத்தனைக்கும் இத்தனைக்கும் இடையில் என்றுதான் வரும். என்னைக் கேட்டால், அந்த இடைவெளியைச் சொல்லாத எந்த விலங்குக் கணக்கையும் நம்பத் தேவையில்லை.

1991 முதல் 2000 வரை நாகரஹொளெயில் 74 தனித்தனிப் புலிகள் இப்படிப் படமாயின. ஓர் ஆண்டில் இருந்த புலிகளில் சுமார் 77 விழுக்காடுதான் மறு ஆண்டும் அங்கே இருந்தன. மற்றவை இறந்தன, அல்லது வேறெங்கோ போய்விட்டன. நான்கில் ஒன்று ஆண்டுதோறும் மறைகிறது என்றால் அந்தக் காடு காலியாகிவிடும் என்றுதான் எவரும் நினைப்போம். ஆகவில்லை. குட்டிகள் பிறந்து, வெளியிலிருந்து புதியவை வந்து, எண்ணிக்கை ஏறியும் இறங்கியும் நிலைத்திருந்தது.

இப்படி வெளியேறும் புலி எங்கே போகிறது என்பதையும் வரிகளே காட்டிக்கொடுத்தன. பந்திப்பூரில் படமான ஓர் ஆண் புலி, 2011இல் சுமார் 280 கிலோமீட்டர் தள்ளி ஷிகாரிபுரா பக்கம் பிடிபட்டது. பழைய படங்களோடு ஒப்பிட்டபோது அதே புலி.

இத்தனை இழப்பை ஒரு காடு தாங்குவதற்குக் காரணம் இரை. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் ஐம்பது பெரிய விலங்குகள் வேண்டும்: புள்ளிமான், கடமான், காட்டெருமை. இருக்கிற இரையில் பத்தில் ஒரு பங்கைத்தான் புலிகள் ஆண்டுதோறும் எடுக்கின்றன. ஆக, ஒரு புலி வாழ ஏறத்தாழ ஐந்நூறு விலங்குகள் அந்தக் காட்டில் மேய வேண்டும். பதினொரு இடங்களில் ஆராய்ந்து 2004இல் காரந்த் குழு வெளியிட்ட முடிவும் இதை ஒட்டியதே: இரை எங்கே மிகுதியோ அங்கே புலி மிகுதி. நூறு சதுர கிலோமீட்டருக்கு மூன்று புலிகள் உள்ள காடும் இருந்தது, பதினாறுக்கு மேல் உள்ள காடும் இருந்தது. ஆகவே மானுக்கு வைக்கும் கண்ணியைத் தடுக்காமல் புலியைச் சுடுவதை மட்டும் தடுத்தால் போதாது. ஒரு தோட்டாகூட வெடிக்காத காட்டிலும் புலி அற்றுப்போகும். காரந்த் குழுவினர் இரையை எண்ணுவதற்காகக் காட்டில் நேர்கோடுகள் வகுத்து, அவற்றின் வழியே நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு மான் கூட்டமும் எத்தனை தொலைவில் நிற்கிறது என்று அளந்து குறித்துக்கொள்வதும் புலிக் கணக்கின் ஒரு பகுதிதான்.