லட்சத்தீவுகள்: கடல் நடுவே ஒரு குடம் நீர்

சுற்றிலும் கடல், ஆனால் ஓர் ஆறுகூட இல்லை. கேரளக் கரைக்கு மேற்கே அரபிக் கடலில் சிதறிக் கிடக்கும் லட்சத்தீவுகளின் மொத்தப் பரப்பு 32 சதுர கி.மீ. மக்கள் வசிப்பது 10 தீவுகளில். கடல் மட்டத்திலிருந்து நிலத்தின் உயரம் ஒன்றிரண்டு மீட்டர்தான். தென்மேற்குப் பருவமழை மணலுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. கிணறுகளில் ஊறுவது அதுதான். மோட்டார் வைத்து அதிகம் இறைத்தால் உப்பு மேலேறிவிடும். 2005-ல் கவரத்தியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. அலைகளுக்குத் தடுப்பு பவளப்பாறைகள்தான். கடல் சூடேறியதில் 1998, 2010, 2016-ம் ஆண்டுகளில் அவை வெளுத்தன. அந்தச் சுவர் சரிந்தால் கிணற்று நீரும் மிஞ்சாது.